காசிமேட்டில் மர்மக் கதை நடக்குமா? – வாசகர் கேள்வி பதில்

ஒன்பது வயது முதல் பதின்மூன்று வயது வரையிலான பிள்ளைகள் படிக்கும் மர்ம, சாகச நாவல்களைப் பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் வட சென்னையிலிருந்து வந்தவையே மிகுதி என்பதால், இந்த இதழின் பக்கங்களை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து ஒரு கேள்வியாக்கியிருக்கிறோம்.

ஒரு தாய், தண்டையார்பேட்டை: என் மகன் ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். திருட்டு, கடத்தல், புதையல் என்று இருக்கும் கதைகளைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை. நீதிக்கதைப் புத்தகம் வாங்கிக் கொடுத்தால் அட்டை கசங்காமல் அப்படியே கிடக்கிறது. இந்தப் பழக்கம் அவனைக் கெடுத்துவிடுமோ?

கெடுக்காது. நீதிக்கதையில் யார் தண்டனை பெறப் போகிறார் என்பது இரண்டாம் பக்கத்திலேயே பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது; அதன் பிறகு அவன் படிப்பது நமக்காகத்தான். மர்மக் கதையில் ஒவ்வொரு பாத்திரமும் சொல்வது உண்மையா என்று அவனே எடைபோட வேண்டியிருக்கிறது. முன்னே படித்ததை நினைவில் வைத்துக்கொண்டு, சந்தேகம் வந்தால் பக்கத்தைப் பின்னால் புரட்டிப் பார்க்கிறான். பாடப் புத்தகத்தை வைத்து இந்தப் பழக்கத்தை உண்டாக்க ஆசிரியர்கள் எவ்வளவு பாடுபடுகிறார்கள் என்பதைப் பள்ளியில் விசாரித்தால் தெரியும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று உண்டு. கெட்டவன் யார் என்பதை அவனுடைய நிறத்தாலும், முகத்துத் தழும்பாலும், குப்பத்தில் குடியிருப்பதாலும் அடையாளம் காட்டும் கதைகள் இன்றும் வருகின்றன. வட சென்னை என்றாலே ரவுடிகளின் ஊர் என்று திரைப்படங்கள் பழக்கிவிட்ட பிறகு, வியாசர்பாடியிலோ தண்டையார்பேட்டையிலோ வளரும் பிள்ளை தன் தெருக்காரரையே வில்லனாகப் பார்த்துப் பழகுவது நல்லதன்று. அப்படி ஒரு புத்தகம் கையில் கிடைத்தால் பறிக்க வேண்டாம், “இவர்தான் திருடர் என்று உனக்கு எப்படித் தெரிந்தது?” என்று மட்டும் கேளுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தக் கேள்வி போதும்.

ஓர் ஆசிரியை, கொருக்குப்பேட்டை: வகுப்பு நூலகத்துக்கு மர்ம நாவல்கள் வாங்கச் சிறு தொகை ஒதுக்கியிருக்கிறார்கள். பெரியவர்களுக்கான துப்பறியும் நாவலைச் சுருக்கி எழுதினால் சிறுவர் நாவல் ஆகிவிடுமா? நல்லதை எப்படித் தெரிந்துகொள்வது?

சுருக்கினால் ஆகாது. பெரியவர்களின் நாவலில் துப்பறிபவருக்குக் காவல் நிலையம், கைரேகை அறிக்கை, சாட்சியை வரவழைத்து விசாரிக்கும் அதிகாரம் எல்லாம் இருக்கின்றன. பிள்ளைக்கு இருப்பவை கண்ணும் காதும், தெருக்களை அறிந்த கால்களும், கூட வருவதற்கு இரண்டு நண்பர்களும்தான். இவற்றைக் கொண்டே அவிழ்க்கக்கூடிய முடிச்சாக இருந்தால்தான், படிக்கும் பிள்ளையும் கதைக்குள் இருக்கும் பிள்ளையோடு சேர்ந்து ஓட முடியும்.

ஜெர்மானிய எழுத்தாளர் எரிக் கேஸ்ட்னர் 1929இல் வெளியிட்ட ‘எமிலும் துப்பறிவாளர்களும்’ என்னும் நாவலை இதற்கு உதாரணமாகச் சொல்லலாம். எமில் என்ற சிறுவன் பெர்லினிலுள்ள பாட்டி வீட்டுக்கு ரயிலில் தனியாகப் போகிறான். முடிதிருத்தும் தொழில் செய்யும் அம்மா சிறுகச் சிறுகச் சேர்த்த 140 மார்க் பணத்தை அவனிடம் கொடுத்து அனுப்புகிறாள். அது தொலைந்துவிடுமோ என்ற பயத்தில் அவன் நோட்டுகளை ஒரு குண்டூசியால் கோட்டின் உள்துணியோடு சேர்த்துக் குத்தி வைக்கிறான். அவன் கண்ணயர்ந்தபோது பணம் பறிபோகிறது. பெர்லின் தெருப் பிள்ளைகள் ஒன்றுகூடித் திருடனைப் பின்தொடர்கிறார்கள். வங்கியில் அவன் மடக்கப்படும்போது, “பணம் என்னுடையது, இந்தப் பையன் பொய் சொல்கிறான்” என்று சாதிக்கிறான். அப்போதுதான் எமிலுக்கு ஊசி நினைவுக்கு வருகிறது. நோட்டுகளைத் தூக்கிப் பார்த்தால் ஓட்டைகள் இருக்கின்றன.

அந்தக் குண்டூசி கதையின் தொடக்கத்திலேயே நம் கண்ணெதிரே குத்தப்பட்டது. அம்மாவின் உழைப்பைக் காப்பாற்றத் துடிக்கும் ஒரு பிள்ளையின் பதற்றமாக மட்டும் அதைப் படித்துவிட்டு நாம் நகர்ந்துவிட்டோம். துப்பு என்பது இப்படி, வேறொரு காரணத்துக்காகச் சொல்லப்படுவது போல வந்து போக வேண்டும். எனவே புத்தகம் வாங்கும் முன், அல்லது வாங்கிய பின்னாவது, ஒரு பிள்ளையிடம் முழுவதும் படிக்கச் சொல்லுங்கள். படித்து முடித்ததும், “குற்றவாளியை முன்பே கண்டுபிடித்திருக்கலாம் என்றால் எந்தப் பக்கத்தில் கண்டுபிடித்திருக்கலாம்?” என்று கேளுங்கள். பிள்ளை புரட்டி ஒரு பக்கத்தைக் காட்டினால் அது நல்ல நாவல். கடைசி அத்தியாயத்தில் இதுவரை பெயரே கேள்விப்படாத ஒரு சித்தப்பா வந்து இறங்கினாலோ, இன்ஸ்பெக்டர் வந்து உட்கார்ந்து மூன்று பக்கத்துக்கு எல்லாவற்றையும் விளக்கினாலோ, ஆசிரியர் பிள்ளையை ஏமாற்றிவிட்டார் என்று பொருள். ஒதுக்கிய தொகையை அதற்குச் செலவிட வேண்டாம்.

ஒரு வாசகர், மூலக்கடை: சிறுவர் மர்ம நாவலில் கொலை வரலாமா?

வரலாம், ஆனால் தேவைப்படுவதில்லை. காணாமல் போன மிதிவண்டி, திருடப்பட்ட உண்டியல், வீடு மாறிப் போன ஒரு நாய் ஆகியவற்றின் மீதே பிள்ளைக்கு உயிர்போகும் அக்கறை உண்டு. கொலை நடந்தால், இறந்தவருக்காக அழுவதற்கும் கதையில் இடம் கொடுக்க வேண்டும். புதிர்க் கதையில் பெரும்பாலும் அதற்கு நேரம் இருப்பதில்லை.

ஏழாம் வகுப்பு மாணவன், ராயபுரம்: நான் ஒரு மர்மக் கதை எழுத ஆசைப்படுகிறேன். நான் படித்த கதைகளில் தீவு, பாழடைந்த கோட்டை, சுரங்கப் பாதை எல்லாம் வருகின்றன. எங்கள் ஏரியாவில் மீன்பிடித் துறைமுகம்தான் இருக்கிறது, அப்படி எதுவும் இல்லை. காசிமேட்டில் மர்மக் கதை நடக்குமா?

தம்பி, இங்கிலாந்துக் கதைகளில் தீவும் கோட்டையும் வருவதற்குக் காரணம், அவற்றை எழுதியவர்களுக்கு அவை எட்டும் தூரத்தில் இருந்தன என்பதுதான். உன் பக்கத்திலும் பழைய சமாசாரங்களுக்குக் குறைவில்லை. பழைய ஜெயில் சாலையில் மாடிப்பூங்கா அமைந்திருக்கும் இடம், 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் படையின் முற்றுகைக்குப் பிறகு ஆங்கிலேயர் நகரத்தைச் சுற்றி எழுப்பிய மதிலின் எச்சம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் புறப்பட்டது உன் ராயபுரம் நிலையத்திலிருந்துதான். 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் வந்து குண்டு வீசியபோது எரிந்தவை துறைமுகத்தருகே இருந்த எண்ணெய்த் தொட்டிகள்.

இவற்றையெல்லாம் சொல்லிவிட்டு, இவற்றில் எதையும் முதல் கதைக்கு எடுத்துக்கொள்ளாதே என்றும் சொல்லப் போகிறேன். எம்டன் குண்டுக்குள் வைரம் இருந்தது என்று தொடங்கினால், நான்காம் பக்கத்தில் ஒரு வரலாற்று ஆசிரியர் வந்து பாடம் நடத்தத் தொடங்கிவிடுவார். அந்தப் பாடத்தை எந்த ஊர்ப் பையனும் புத்தகத்தைப் பார்த்து எழுதிவிட முடியும். உனக்கு மட்டும் தெரிந்தவற்றிலிருந்து தொடங்கு.

உன் வீட்டுக் கிழவர்களைக் கேட்டால், இப்போது அலை மோதும் இடத்தைத் தாண்டி முன்பு மணலும் வலை காயப்போடும் இடமும் வீடுகளும் இருந்ததாகச் சொல்லக்கூடும். நம் கரையோரமாக ஆண்டின் பெரும்பகுதியில் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. 1876இல் துறைமுகச் சுவர்களைக் கட்டத் தொடங்கியதும் அந்த மணல் தெற்குப் பக்கத்திலேயே தடுக்கப்பட்டது. மெரினா அகலமாகிக்கொண்டே போக, வடக்கே ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கரையைக் கடல் அரித்தது. அதனால்தான் உங்கள் பக்கம் பாறாங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள்.

இப்போது ஒரு பழைய நோட்டை எடுத்துக்கொள். கொள்ளுத்தாத்தா அதில், ‘தண்ணீர் ஓரத்திலிருந்து மேற்கே இருநூறு காலடி, கிணற்றுக்குப் பக்கத்தில்’ என்று எழுதி வைத்திருக்கிறார். உன் கதைப் பிள்ளைகள் கல் கொட்டிய இடத்திலிருந்து எண்ணிக்கொண்டு நடந்து, யாருடைய வீட்டுச் சுவரிலோ போய் முட்டிக்கொள்கிறார்கள். தெருவே சிரிக்கிறது. காலடியில் பிழை இல்லை, கடல்தான் இடம் மாறியிருக்கிறது என்பதை அவர்கள் எப்போது, யாரிடமிருந்து தெரிந்துகொள்கிறார்கள் என்பதே உன் கதையின் நடுப்பகுதி. மெரினாப் பக்கத்தில் வளர்ந்த ஒரு மாமா அதே நோட்டைப் பார்த்துவிட்டு, கரை கிழக்கே தள்ளிப் போயிருக்கும் என்று நேர்மாறாகக் கணக்குப் போட்டுத் தோற்றுப்போனால் இன்னும் நன்றாயிருக்கும்.

இன்னொன்று. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் என்பது உனக்குத் தெரியும். பெரும்பாலும் உன் கோடை விடுமுறையும் அதற்குள்தான் வருகிறது. வெளியூர் எழுத்தாளர் ஒருவர் மே மாதத்தில் காசிமேட்டிலிருந்து லாஞ்சு என்னும் விசைப்படகு கடலுக்குப் போவதாகச் சாதாரணமாக எழுதிவிட்டால், நீ அந்த இடத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவாய். அவர் தவறவிட்டதை நீ துப்பாகப் பயன்படுத்து. லாஞ்சுகள் வரிசையாகக் கட்டிக்கிடக்கின்றன. ஒன்றுக்கு வர்ணம் பூசுகிறார்கள், மற்றொன்றில் பலகை மாற்றுகிறார்கள், அப்பா நிழலில் உட்கார்ந்து வலை பின்னுகிறார். அவருக்குத் தேநீர் கொண்டுவந்த சிறுமி, பூச்சு வேலை எதுவும் நடக்காத ஒரு லாஞ்சின் பின்புறம் குவிந்து கிடக்கும் வலையைத் தாண்டும்போது காலில் ஈரம் படுகிறது. வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது குதிகாலில் இரண்டு மீன் செதிள்கள் ஒட்டியிருக்கின்றன, காயாமல். இதற்கு மேல் நீ ஒரு வரிகூட விளக்க வேண்டாம். காசிமேட்டுப் பிள்ளை உடனே நிமிர்ந்து உட்காரும். மற்ற ஊர்ப் பிள்ளைக்காக, தடைக்காலம் என்ற சொல்லை அதற்கு முந்தைய அத்தியாயத்தில் அம்மாவின் கடன் கணக்கைப் பற்றிய பேச்சில் ஒருமுறை போட்டு வை.

அந்த லாஞ்சில் இரவில் போனவர் கடத்தல்காரராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. யாராக இருந்தால் அந்தச் சிறுமிக்கு அதைச் சொல்வது கடினமாக இருக்கும் என்று யோசி.

ஓர் எழுத்தாளர், திருவொற்றியூர்: இன்றைய கதையில் கைபேசியும் கண்காணிப்பு கேமராவும் மர்மத்தைக் கொன்றுவிடுகின்றன. பெற்றோரை எங்கே அனுப்புவது என்பதும் தெரியவில்லை. எத்தனை கதைகளில்தான் அவர்களைத் திருமணத்துக்கு அனுப்புவது?

பெற்றோரை ஊருக்கு அனுப்பும் வழக்கம், வேலையாட்கள் வைத்துக்கொண்டு பிள்ளைகளை விடுதிப் பள்ளியில் விட்ட குடும்பங்களின் கதைகளிலிருந்து வந்தது. உங்கள் பக்கத்தில் அதற்குத் தேவையே இல்லை. அப்பா கடலில் இருக்கிறார். அம்மா விடியும் முன்பே மீன் ஏலத்துக்குக் கிளம்பிவிடுகிறாள். இரவு ஷிப்டுக்குப் போகும் பெற்றோரும், கன்டெய்னர் லாரி ஓட்டும் பெற்றோரும் எண்ணூர் வரை இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் அதிகாலையில் தாங்களே எழுந்து, தண்ணீர் பிடித்து, தம்பியைக் கிளப்பிப் பள்ளிக்குப் போகிறவர்கள். அந்த இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு சாகசமே நடந்து முடியலாம். பெற்றோரை முட்டாளாக்க மட்டும் வேண்டாம். அம்மாவுக்குச் சந்தேகம் வருவதும், மகள் பொய் சொல்ல முடியாமல் திணறுவதும் வில்லனின் துரத்தலைவிட விறுவிறுப்பானவை.

கைபேசியைப் பொறுத்தவரை, பல வீடுகளில் அது ஒன்றுதான், அதுவும் வேலைக்குப் போகிறவரோடு போய்விடுகிறது. கேமராவை எதிரியாகப் பார்க்காமல் சாட்சியாக்குங்கள். ஆனால் தவறாகச் சொல்லும் சாட்சியாக்குங்கள். மருந்துக்கடைக் கேமராவின் கடிகாரம் ஒரு மின்தடைக்குப் பிறகு நேரம் மாறி ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பதிவில் இரவு எட்டு மணி என்று காட்டும் காட்சியில் எதிர்க் கடை ஷட்டர் மூடியிருக்கிறது. அந்தக் கடை பத்துக்கு முன் மூடாது என்பது, தினமும் அங்கே தோசை மாவு வாங்கப் போகும் பையனுக்குத் தெரியும், இன்ஸ்பெக்டருக்குத் தெரியாது.

ஆறாம் வகுப்பு மாணவி, பெரம்பூர்: இந்தக் கதைகளில் பெண்பிள்ளைகள் ஏன் சாப்பாடு கட்டிக் கொடுக்கவும் பயந்து அழவும் மட்டும் வருகிறார்கள்?

எழுதியவர்கள் தங்கள் காலத்து வீடுகளை அப்படியே கதைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். ஆங்கில எழுத்தாளர் எனிட் பிளைட்டன் 1942 முதல் 1963 வரை எழுதிய ஐவர் குழுக் கதைகள் இருபத்தொன்றிலும், தன்னை ஜார்ஜ் என்றே அழைக்கச் சொல்லும் துணிச்சல்காரி ஜார்ஜினா ஒரு பக்கம் இருக்க, பாத்திரம் கழுவி அடுக்கி வைப்பவளாக ஆன் என்ற சிறுமி மறுபக்கம் இருக்கிறாள். அமெரிக்காவில் 1930இலேயே நான்சி ட்ரூ என்னும் கதைநாயகி தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டு துப்பறியக் கிளம்பிவிட்டாள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆகவே காலத்தின் மீது மட்டும் பழி போட முடியாது. ஆனுக்காக நான் ஒரு வார்த்தை பேசுவேன்: வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்தவள்தான், எது இடம் மாறியிருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடிக்கக் கூடியவள். அவளை அடுக்களையிலேயே நிறுத்திவிட்டு அந்த அறிவைப் பயன்படுத்தாமல் விட்டதுதான் எனக்கு வருத்தம்.

ஒரு வாசகர், வியாசர்பாடி: தமிழில் என்ன இருக்கிறது? எல்லாம் மொழிபெயர்ப்புதானா? எங்கே கிடைக்கும்?

நிறைய இருந்தன, அச்சில் இப்போது இருப்பவை குறைவு. 1947இல் தொடங்கிய சிறுவர் இதழான அம்புலிமாமாவின் தொடர்கதைகளில் மந்திரவாதிகளும் குகைகளுமாகச் சாகசம் நிறைந்திருந்தது, துப்பறிதல் குறைவு. எழுத்தாளர் வாண்டுமாமா கோகுலம், பூந்தளிர் ஆகிய சிறுவர் இதழ்களில் எழுதியவற்றில் இரண்டும் கலந்திருந்தன; அவர் அளவுக்குத் தமிழ்ப் பிள்ளைகளைப் பக்கம் புரட்ட வைத்தவர் வேறு யாரும் இல்லை என்பது என் கருத்து. 1972இல் சிவகாசியிலிருந்து இரும்புக்கை மாயாவியோடு வந்த முத்து காமிக்ஸும், 1984இல் வந்த லயன் காமிக்ஸும் ஒரு தலைமுறைக்கு எழுத்துக்கூட்டக் கற்றுக் கொடுத்தன. இன்றும் புது வெளியீடுகள் வருகின்றன.

நாவல் என்று பார்த்தால், சிறுவர்மணியில் தொடராக வந்த ஜெயமோகனின் ‘பனிமனிதன்’ இமயமலையில் நடக்கும் தேடல். சற்றுப் பெரிய பிள்ளைகளுக்கு ஏற்றது. கீழடியைப் பின்னணியாகக் கொண்ட உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ 2023இல் சாகித்திய அகாதெமியின் பாலசாகித்திய விருதைப் பெற்றது. மொழிபெயர்ப்பை ஒதுக்க வேண்டாம். சத்யஜித் ராய் 1965இல் சந்தேஷ் என்ற வங்காளச் சிறுவர் இதழில் தொடங்கிய, ஃபெலூடா என்ற துப்பறிவாளரின் கதைகள் தமிழிலும் வந்திருக்கின்றன. கல்கத்தாவின் சந்துகளை அவர் எழுதிய விதத்தைப் பார்த்தால், வண்ணாரப்பேட்டைச் சந்துகளை ஏன் யாரும் இப்படி எழுதவில்லை என்ற ஏக்கம் வரும்.

பழைய பிரதிகளுக்கு, 1985 தீ விபத்துக்குப் பிறகு மூர் மார்க்கெட் கடைகள் இடம் மாறிய சென்ட்ரல் பக்கத்து அல்லிக்குளம் வளாகத்தில் பொறுமையாகத் தேடுங்கள். விலை பேசத் தெரிந்தவரைக் கூட அழைத்துச் செல்வது நல்லது. புதியவற்றுக்கு ஜனவரிப் புத்தகக் காட்சி. உங்கள் கிளை நூலகத்தில் இல்லாத புத்தகத்தின் பெயரை அங்கே எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்; யாரும் கேட்கவில்லை என்பதாலேயே பல புத்தகங்கள் வாங்கப்படாமல் போகின்றன.

ஒரு வாசகர், கல்மண்டபம்: உரையாடலை மெட்ராஸ் பேச்சிலேயே எழுதலாமா? பிள்ளைகளின் தமிழ் கெடாதா?

எழுதலாம். கதை சொல்லும் பகுதி எழுத்துத் தமிழில் இருக்கட்டும், பிள்ளைகள் பேசும்போது அவர்கள் பேசுவது போலவே பேசட்டும். சிரிப்பு மூட்டுவதற்காக மட்டும் அந்தப் பேச்சைப் பயன்படுத்தும் கதைகள்தான் பிள்ளையைச் சிறுமைப்படுத்துகின்றன.

ஒரு தன்னார்வலர், எண்ணூர்: ஞாயிற்றுக்கிழமைகளில் பதினைந்து பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டுகிறேன். மர்ம நாவலை உரக்க வாசித்தால் சுவை குறைந்துவிடுமா? முடிவைத் தெரிந்த பிள்ளை மற்றவர்களிடம் சொல்லிவிடுகிறது.

உரக்க வாசிக்க மர்ம நாவலைப் போல் ஏற்றது வேறில்லை, ஆனால் வாரத்துக்கு இரண்டு அத்தியாயத்துக்கு மேல் வாசிக்காதீர்கள். துப்பு வரும் வரியில் குரலை உயர்த்திவிடுவது வாசிப்பவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. அந்த வரியை மற்ற வரிகளைப் போலவே கடந்து போங்கள். குற்றவாளி வெளிப்படுவதற்கு முந்தைய அத்தியாயத்தோடு ஒரு வாரம் நிறுத்தி, ஒவ்வொரு பிள்ளையும் தான் சந்தேகப்படும் பெயரையும் அதற்கான காரணத்தையும் ஒரு சீட்டில் எழுதி அட்டைப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். காரணம் இல்லாத சீட்டு செல்லாது. எழுதத் தடுமாறும் பிள்ளையின் காதோரம் குனிந்து கேட்டு நீங்களே எழுதிப் போடுங்கள். முன்பே படித்துவிட்ட பிள்ளையைப் பெட்டிக்குக் காவலாக நியமித்துவிட்டால், பெரும்பாலும் அது வாயைத் திறக்காது.